ஐந்நூறு ரூபாய்தானே என்கிறார்கள்

கிரிப்டோ நாணயத்தில் சிறு தொகை போட்டுப் பார்க்கலாமா என்று நம்மிடம் கேட்கும் இளைஞர்கள், "வெறும் ஐந்நூறு ரூபாய்தானே ஹஜ்ரத்" என்பதையும் சேர்த்தே கேட்கின்றனர். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வரும் கேள்வி இது. அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்த சமுதாயம் நாம். ஆகவே எவ்வளவு என்பதை விடுத்து, எது என்பதைப் பார்ப்போம்.

2009இல் தொடங்கிய பிட்காயினை வெளியிடும் அரசோ வங்கியோ கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்னும் பேரேட்டின் நகல் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருக்கிறது. புதிய பதிவுகளைச் சரிபார்த்துச் சேர்ப்போருக்குப் புதிய நாணயம் கூலியாகக் கிடைக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாதபடி நிரல் அமைந்துள்ளது. பிளாக்செயின் எனும் இக்கணக்கு முறையில் பாவம் ஏதும் இல்லை. இதைப் படிக்காமலே ஃபத்வா கூறுவோருடன் நமக்கு உடன்பாடும் இல்லை.

நாம் எதிர்ப்பது வாங்குவோரின் நோக்கத்தை. நாமக்கல் முட்டையின் விலையும் ஏறி இறங்குகிறது. விழுந்தாலும் அதை உண்ண ஒருவர் இருப்பார். சேலத்துக் கொலுசில் வெள்ளி இருக்கிறது. நம் இளைஞரோ வாங்கிய நாணயத்தால் ஒரு தேநீர்கூட அருந்தப் போவதில்லை; நாளை வேறொருவர் கூடுதல் விலைக்கு வாங்குவார் என்பது மட்டுமே அவரது கணக்கு. 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே போனது. பின்னர் மீண்டும் ஏறியது உண்மைதான். ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்று அவரால் சொல்ல இயலுமா? மார்க்கம் தடுத்த 'கரர்' எனும் நிச்சயமின்மை இதுவன்றி வேறென்ன?

இதனைச் சொத்தாகக் கருதி அனுமதிக்கும் உலமாக்களும் உள்ளனர். 2018இல் எகிப்தின் முஃப்தி ஹராம் என்றார். ஆனால் "அரசே 30 சதவீத வரி வாங்குகிறதே" என்போரின் வாதம் வியப்பளிக்கிறது. டாஸ்மாக்கிலும் அரசுக்கு வரி போகிறது! மேலும் அந்தச் சட்டப்படி, ஒரு நாணயத்தில் கண்ட நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழிக்கவும் முடியாது.

இதனினும் கொடியது, "நாள்தோறும் ஒரு சதவீதம் உறுதி" என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு. வியாபாரத்தில் உறுதியான இலாபம் ஏது? அது வட்டி, அல்லது மோசடி. அவ்வாறே ஆசை காட்டிய பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் கடையை மூடியது. ஈமுவை இதற்குள் மறந்துவிட்டோமா? 2012இல் பெருந்துறை சுசி ஈமு பண்ணை முடங்கியபோது, சேர்த்து வைத்ததைப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அங்கே கண்ணால் பார்க்க ஒரு பறவையாவது இருந்தது. முதல் ஐந்நூறு ரூபாய் இத்தகையோர் போடும் தூண்டில் இரை. அது இலாபத்துடன் திரும்பி வரும். அடுத்து மகளின் திருமணத்திற்கு வைத்த பணம் போகும்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் ஆள் சேர்க்கும் சகோதரர்களே, உங்கள் சொல்லை நம்பிச் சேர்ந்த தறித் தொழிலாளி பணத்தை இழந்தால், அவரைச் சேர்த்துவிட்டதற்காக நீங்கள் பெற்ற கமிஷனைத் திருப்பித் தருவீர்களா?