முதியோரும் சோகையும்

வயதேறிய பெரியவர் ஒருவர் முகம் வெளுத்து, நாலடி நடப்பதற்குள் இளைத்து, சொன்னதையே திரும்பச் சொல்லத் தலைப்பட்டால், "மூப்பு வந்துவிட்டது, என்ன செய்வது?" என்று கூறிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவது நம்மவர் வழக்கம். மரியாதையின் பெயரால் நடைபெறும் அலட்சியம் இது என்பது நமது அபிப்பிராயம். வெளுப்பும் இளைப்பும் சோகையின் அடையாளங்களாக இருக்கலாம். அச்சோகைக்கும் மறதி நோய்க்கும் சம்பந்தமுண்டு என்பதற்கு இப்போது தக்க சாட்சியங்கள் கிடைத்திருக்கின்றன.

அமெரிக்காவில் 70 முதல் 79 வயது வரையிலுள்ள 2,552 பேரைச் சுமார் 11 வருஷகாலம் கவனித்து வந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2013-ல் வெளியாயிற்று. ஆரம்பத்தில் சோகையுற்றிருந்தவர்களில் நூற்றுக்கு 23 பேரை மறதி நோய் பற்றியது. மற்றவர்களில் நூற்றுக்கு 17 பேரையே பற்றியது. வயது, கல்வி முதலிய வேற்றுமைகளை நீக்கிக் கணக்கிட்ட பின்பும், சோகையுற்றோருக்கு அபாயம் அதிகமாகவே இருந்தது. ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் 12,305 பேரைச் சராசரி 12 வருஷம் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் அபாயம் 34 சதவிகிதம் அதிகமென்று கண்டது.

இதில் வியப்பில்லை. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயுள்ள மூளை, உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதைச் சுமந்து செல்லும் ரத்தம் வலுவிழந்தால் மூளை வாடுவது இயல்பே.

எனினும் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. சாட்சியம் பலமானது, ஆனால் சோகையே குற்றவாளி என்பது இன்னும் ருஜுவாகவில்லை. சிறுநீரகக் கோளாறு, குடலில் ரத்தக்கசிவு முதலிய வேறு நோய்களின் குறியாகவும் சோகை தோன்றும். ஹீமோகுளோபின் அளவுக்கு மிஞ்சியிருப்பதும் மறதியோடு சம்பந்தப்பட்டதென்று ராட்டர்டாம் ஆராய்ச்சி காட்டுகிறது. ஆகவே வைத்தியரைக் கேளாமல் இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்குவது பேதைமை. காரணத்தை அறிவதே முதல் வேலை. பி12 என்னும் ஜீவசத்துக் குறைவு சோகையையும் உண்டாக்கும், ஞாபகசக்தியையும் கெடுக்கும். காலத்தில் கண்டு சிகிச்சை செய்தால் மீளவும் இடமுண்டு. மரக்கறி உணவே கொள்ளும் பெரியவர்கள் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும்.

நமது தேசத்தின் நிலைமை என்ன? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர்கள். அவ்வயதைக் கடந்த பெண்மணிகளை அந்த ஆய்வு பரிசோதிக்கவே இல்லை. ஐம்பதாவது வயதில் சோகை தானே விடைபெற்றுக்கொள்ளும் போலும்! 2018-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய சோகை ஒழிப்புத் திட்டமும் குழந்தைகள், வாலிபர், கர்ப்பிணிகள், தாய்மார் முதலிய ஆறு பிரிவினரைக் குறித்தது. முதியோருக்கு அதில் இடமில்லை. அறுபது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் உண்டென்று 2023-ல் மதிப்பிடப்பட்டிருக்கும் தேசத்தில் இது பெருங்குறை.

நாம் கேட்பது பெரிதன்று. அறுபது கடந்தவர்களுக்கு வருஷத்துக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிக்கப்படட்டும். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் காரணம் ஆராயப்படட்டும். பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களை அழைத்துச் செல்ல முன்வரட்டும். உழைத்து ஓய்ந்தவர்களை மறந்துவிடும் சமூகத்தின் மறதியே எல்லா மறதியினும் கொடிது. சர்க்கார் இனியும் தாமதியார் என்று நம்புகிறோம்.