கோல் அடித்தவர் பெயர் சொல்வோம்: மலையக உதைபந்தாட்ட ரசிகர்களின் கொள்கைப் பிரகடனம்

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதித் தோட்டங்களின் உதைபந்தாட்ட ரசிகர்களாகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். கடந்த தசாப்தங்களில் இந்த மலைகளில் கோல் அடித்தும் எந்த ஏட்டிலும் இடம்பெறாமல் போன முன்வரிசை வீரர்களின் பெயரையும் ஆட்டத்தையும், அவர்களைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கும்போதே பதிவு செய்வதே எங்கள் நோக்கம்.

ஏன் இந்த இயக்கம்?

ஹட்டன் டன்பார் மைதானத்தின் ஓரத்தில் நாலு பெரியவர்கள் கூடினால் பேச்சு பழைய ஆட்டக்காரர்களிடம்தான் போய் நிற்கும். எந்த டிவிசன் லெப்ட் அவுட்டுக்கு ஓட்டம் அதிகம், யாருடைய தலையடி கோலியைக் கலங்கடித்தது என்று விடிய விடியப் பேசுவார்கள். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேரும்போது அந்த ஆட்டங்களும் அவர்களோடு போகின்றன.

தோட்டத்து மைதானத்தில் ஆடியவருக்குத்தான் அந்தத் திறமையின் அளவு தெரியும். தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் தேயிலை, மற்றதற்குப் பின்னால் பள்ளம். உயர்த்தி அடித்த பந்து பள்ளத்துக்குப் போனால் தேடி எடுக்கவே கால் மணி நேரம். அதனால் நம் சென்டர் போர்வர்ட்கள் தரையோடு தரையாக அடிக்கப் பழகினார்கள். பின்னேரம் மூடுபனி இறங்கினால் எதிர்க் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்தே பாஸ் கொடுத்தார்கள். காலையில் கவ்வாத்து வெட்டிய, கான் வெட்டிய அதே ஆட்கள், பின்னேரம் வெறுங்காலோடு பிரட்டுக்களத்தில் பயிற்சி எடுத்தார்கள்.

இவர்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் தினமும் ஏறியது. ஆட்ட முடிவு எழுதிய இடத்திலோ தோட்டத்தின் பெயர் மட்டுமே வந்தது. தரவளையிலும் ராதலையிலும் வெள்ளைத் துரைமார் தங்களுக்கெனக் கிளப்புகள் அமைத்து கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடினார்கள். அந்த வரலாறு எழுதப்பட்டது. அந்தத் துரைமாரின் தோட்டங்களில் உழைத்தவர்களின் ஆட்டம் எழுதப்படவில்லை.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அணிகளும் அப்படியே பிரிந்தன. இங்கே பாஸ் கொடுத்தவர் இருக்கிறார். கோல் அடித்தவர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கிறார். ஒரு கோலின் கதை இரண்டு நாடுகளில் பாதி பாதியாகக் கிடக்கிறது.

இந்த மறதி மலையகத்தோடு நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் பேரனான கிரிக்கெட் வீரர் முரளியின் 800 விக்கெட் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கை உதைபந்தாட்ட அணிக்காக அதிக கோல் அடித்த கசுன் ஜயசூரியவை எத்தனை பேர் அறிவார்கள்? ஜயசூரிய என்றதும் நாடு கிரிக்கெட் வீரர் சனத் ஜயசூரியவைத்தான் நினைக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கெதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ் என்று சொல்வார்கள். அதன்பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா ஆடவே இல்லை. அந்தக் கடைசிக் கோலோடு சேர்த்துச் சொல்லப்படும் தமிழரைத் தமிழரே மறந்துவிட்டோம்.

1990இல் 38 வயது கமரூன் வீரர் ரொஜர் மில்லா உலகக் கிண்ணத்தில் 4 கோல் அடித்தார். அதற்கு முன் அவர் ஆடிக்கொண்டிருந்தது ரீயூனியன் தீவில். நம் முன்னோரைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தமிழரின் பிள்ளைகள் வாழும் தீவு அது. கமரூன் அவரைத் திரும்ப அழைத்தது. உலகம் அவரைக் கண்டுகொண்டது. நம் மில்லாக்களை அழைக்க யாரும் வரவில்லை.

எங்கள் கொள்கைகள்

1. கோல் அடித்தவரின் பெயர் வரலாற்றுச் சொத்து. பிரட்டுக்களத்து ஆட்டமானாலும் தேசிய ஆட்டமானாலும் எங்களுக்கு ஒன்றே.

2. கண்டதை எழுதுவோம், கூட்டி எழுதமாட்டோம். ஒரு ஆட்டத்தைப் பற்றிக் குறைந்தது இருவரிடம் கேட்டபின்பே பதிவு செய்வோம்.

3. பெண்களின் நினைவுக்குச் சம இடம் கொடுப்போம். மேட்டில் நின்று பார்த்த அம்மாக்களும் அக்காமாரும் ஆண்கள் மறந்த பல கோல்களைச் சொல்வார்கள்.

4. சாதி, தொழிற்சங்கம், கட்சி, தோட்டம் என்று எதையும் பார்க்கமாட்டோம். நம் தோட்டத்தை எதிர்த்து அடித்தவரையும் அதே மரியாதையோடு எழுதுவோம்.

5. பழம்பெருமை பேசுவது இன்றைய பிள்ளைகளுக்காக. தனக்கு முன்னால் ஆடியவர் யார் என்று தெரிந்த பிள்ளை, தானும் தேசிய அணிக்குப் போகலாம் என்று நம்பும்.

நாங்கள் செய்யப்போவது

தோட்டம் தோட்டமாகப் போய் முதியவர்களின் குரலைப் பதிவு செய்வோம். பெட்டிக்குள் கிடக்கும் அணிப் படங்களைப் பிரதியெடுத்து, நிற்பவர் இருப்பவர் பெயர்களைப் படத்தின் கீழே எழுதுவோம். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களில் மலையகச் சுற்றுப்போட்டிச் செய்திகளைத் தேடுவோம். நீலகிரியில் குடியேறிய உறவுகளிடம் மீதிக் கதையைக் கேட்போம். அனைத்தையும் நூலாக்கி நம் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுப்போம்.

எங்கள் கோரிக்கை

சுற்றுப்போட்டி நடத்தும் ஒவ்வொரு கழகமும் இன்றிலிருந்தே கோல் அடித்தவர் பெயரையும் நிமிடத்தையும் ஏட்டில் எழுதவேண்டும். அணிக்கு எழுவர் ஆட்டமானாலும் விலக்கில்லை. கிண்ணத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயரை வைப்பதை விட்டு, அந்தத் தோட்டத்தின் பழைய வீரர் ஒருவரின் பெயரை வைக்கவேண்டும். அவர் உயிரோடு இருந்தால் அவர் கையாலேயே கிண்ணம் கொடுக்கப்படவேண்டும்.

மலையகத்து மக்களே, உங்கள் லயத்தில், உங்கள் குடும்பத்தில் ஒரு சென்டர் போர்வர்ட் இருந்திருப்பார். அவர் பெயரை எங்களுக்குச் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.