பாலத்தில் தமிழன் எங்கே?

மேல்பட்டாம்பாக்கத்துக் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கினேன். நெய்வேலிச் சுரங்கத்திலே பணியாற்றும் தம்பி ஒருவன் ஓடி வந்தான். "அண்ணா! 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' பார்த்தேன். சிறைப்பட்ட வீரர்கள் தப்பியோடத் திட்டமிடுகிறார்களே, அடடா!" என்றான்.

நானும் கைதட்டியவன்தான், தம்பி. 1957இல் வந்த படம். ஏழு ஆஸ்கார் பரிசுகள். இலங்கையின் கித்துல்கலவிலே எடுத்தது. தப்புதல் தகாது என்னும் ஆங்கிலத் தளபதி, தப்பியே தீருவேன் என்னும் அமெரிக்கன்! நாடகக்காரன் நாக்கில் நீரூறும் மோதல். ஆனால், அந்தப் பாதைக்கு மண் சுமந்த தமிழன் எங்கே?

சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942–43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அது. நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர்; மாண்டவர் 12,000க்கு மேல். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பிடுகிறார்கள், தம்பி, எண்ணவில்லை!

நாகப்பட்டினத்திலே கப்பலேற்றி மலேயாத் தோட்டத்துக்கு அனுப்பியவன் வெள்ளையன். 1942இலே விட்டுவிட்டு ஓடியவனும் அவனே. ரப்பருக்கு விலையில்லை, உலையிலே அரிசியில்லை. கூலி உண்டு என்று ஆசை காட்டினான் ஜப்பானியன்; மசியாதவனைப் பிடித்துச் சரக்கு வண்டியிலே அடைத்தான். 1943 மழையிலே வாந்திபேதி வந்தது. சிப்பாய்க்கு அவன் படையின் மருத்துவர் உடனிருந்தார், அதிகாரி இருந்தார், பெயரேடு இருந்தது. தமிழனுக்கு? அவனும் ஓடினான், தம்பி! வரைபடமின்றி, வழித்துணையின்றிக் காட்டுக்குள் ஓடினான். அந்த ஓட்டத்துக்குக் காமிரா வைப்பாரில்லை.

"அது கற்பனைக் கதைதானே?" என்பர் கலாரசிகர். கற்பனையிலும் நமக்கு இடமில்லையா? மூலக்கதை எழுதிய பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் மலேயா ரப்பர்த் தோட்டத்திலே வேலை பார்த்தவர். பால்வெட்டும் தமிழனைப் பாராமலா இருந்திருப்பார்?

காஞ்சனபுரிக் கல்லறையிலே ஏறத்தாழ 7,000 போர்வீரர்கள் உறங்குகிறார்கள். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவர் கிடக்கும் குழி எதுவென்று சொல்வாரில்லை.

கைதட்டிய அந்தத் தம்பியிடம் கேட்டேன்: "உன் ஊரிலே மலேயா போய்த் திரும்பாதவர் உண்டா?" யோசித்தான். "பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தாராம்" என்றான். பெயர் கேட்டேன். தெரியவில்லை. இன்றே வீட்டிலே கேட்டு எழுதிவை என்றேன். உன் வீட்டிலும் கேள், தம்பி, பாட்டி இருக்கும்போதே.