சிடி4 ஏறிடுச்சு... மாத்திரையை நிறுத்தலாமா?

ஹெச்.ஐ.வி சிகிச்சையில் இருப்பவர்கள் ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்ப்பது ‘சிடி4’ எண்ணைத்தான். 500-க்கு மேல் என்றால் நிம்மதி; 200-க்குக் கீழ் என்றால் கவலை. எண் ஏறிவிட்டால் ‘இனி மாத்திரை எதற்கு?’ என்ற கேள்வி வரும். சாலவாக்கம் மாதிரி ஊரிலிருந்து பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தால் ஒருநாள் கூலி போச்சு. கேள்வி வராமலா இருக்கும்?

சிடி4 என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. நோய் எதிர்ப்புக்கு உத்தரவு போடும் செல். வைரஸ் புகுந்து பெருகுவதும் அதற்குள்தான். ரிப்போர்ட்டில் அதிகம் பேசப்படாத இன்னொருவர் சிடி8. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து, அந்த செல்லையே கொன்றுவிடும். தொற்றிய சில வாரங்களில் எகிறும் வைரஸ், மருந்தில்லாமலே ஓரளவு இறங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பலர் வருடக்கணக்கில் அறிகுறியே இல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

சிடி8 செல்கள் ஹெச்.ஐ.வி-யை அடக்குவதை சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடம் ஒன்று 1986-ல் காட்டியது. அதே வருடம்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்திய ரத்த மாதிரிகளை ரயிலில் வேலூர் சி.எம்.சி-க்குக் கொண்டுபோனார். இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி தொற்றுகள் அப்படித்தான் தெரியவந்தன. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது 2004-ல். அதுவரை ஏழை நோயாளிக்கு இருந்த பெரிய துணை, அவரது உடம்பிலிருந்த சிடி8 செல்கள்தான்.

1999-ல் குரங்குகளில் ஒரு சோதனை. ஹெச்.ஐ.வி-யின் உறவுக்கார வைரஸ் தொற்றிய குரங்குகளின் சிடி8 செல்களை நீக்கினார்கள். வைரஸ் எகிறியது. செல்கள் திரும்பி வந்ததும் இறங்கியது.

அப்படியானால் உடம்பே பார்த்துக்கொள்ளாதா? நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம். மருந்தில்லாமலே வைரஸ் அடங்கியிருக்கும். அதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. மற்றவர்களுக்கு வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். துரத்தித் துரத்தி சிடி8 களைத்துப்போகும்.

அதைவிட மோசம், தூங்கும் வைரஸ். சில சிடி4 செல்களுக்குள் சத்தமில்லாமல் படுத்திருக்கும். சிடி8 கண்ணுக்கும் தெரியாது, மாத்திரையாலும் அதை அழிக்க முடியாது. மாத்திரை செய்வது, விழித்தெழும் வைரஸைப் பெருகவிடாமல் தடுப்பது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது.

இடையில் மாத்திரை நின்றுபோனவர்கள் தயங்காமல் அதே ஏ.ஆர்.டி மையத்துக்குத் திரும்பலாம். யாரிடமாவது பேச வேண்டும் என்றால், 1097. கட்டணமில்லை.