ஊமத்தையும் உயிர் காக்கும்

திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் மலையில் நின்று கடலைக் கண்டு களிப்பர். துறைமுகத்துத் தெருவோரத்தில் முட்காய் தாங்கி நிற்கும் ஊமத்தையைத் திரும்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? சிவபெருமான் சூடும் மலர் என்று நம் முன்னோர் அதனைப் போற்றினர். அதன் காயை உண்டவர் பித்துற்றுப் பிதற்றுவர் என்று அஞ்சவும் செய்தனர். அதற்கு வழங்கும் 'மத்தம்' என்னும் மறுபெயரே மயக்கத்தைக் குறிப்பதன்றோ?

அம்மயக்கத்துக்குக் காரணம் ஹயோசின், ஹயோசயமின் என்னும் அல்கலோயிட்டுகள். ஹயோசயமினின் மாற்றுருவமே அத்திரோப்பின். ஐரோப்பாவில் வளரும் பெலடோனாச் செடியிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1833இல் வெளியாயிற்று. கத்தரியும் ஊமத்தையும் பெலடோனாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உயிரின் இழையை அறுப்பவள் என்று கிரேக்கர் கருதிய அத்ரோப்பொஸ் என்னும் தேவதையின் பெயரே அந்த நஞ்சுக்கு வாய்த்தது.

நரம்பு தன் கட்டளையை உறுப்புக்கு எங்ஙனம் அறிவிக்கிறது? 1921இல் ஒட்டோ லோவி என்னும் விஞ்ஞானி தவளையின் இதயத்தை எடுத்து, அதன் வேகத்தைக் குறைக்கும் நரம்பைத் தூண்டினார். அவ்விதயம் இருந்த நீரை மற்றோர் இதயத்தில் விட்டபோது அதுவும் தளர்ந்தது. நரம்பு நுனியில் ஓர் இரசாயனம் சுரப்பது இதனால் புலனாயிற்று. அதுவே அசற்றைல்கோலின். அத்திரோப்பினை முன்கூட்டியே இட்டால் அந்தத் தளர்ச்சி தோன்றுவதில்லை. பூட்டின் துளையை அடைத்துவிட்டால் திறவுகோல் நுழையாதல்லவா? லோவியும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயலை நம்பி வாழ்வோர் பலர். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினி உடலுட் சென்றால், அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியம் முடங்கிவிடும். வாயில் நீர் வழியும், வியர்வை பெருகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், சுவாசப்பையில் நீர் கோத்து மூச்சு முட்டும். அவ்வேளை வைத்தியர்கள் அத்திரோப்பினை நாளத்தில் ஏற்றுகின்றனர். சுவாசப்பை தெளிந்து இதயத் துடிப்பு நிமிரும்வரை, சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இருமடங்காக்குவர். தசைகளின் சோர்வை அது நீக்காது. ஆகவே சிலருக்குச் சுவாச இயந்திரமும் வேண்டும். 1995இல் டோக்கியோ சுரங்க ரெயிலில் சரின் நச்சுவாயு பரவியபோதும் வைத்தியர்கள் இம்மருந்தையே நாடினர்.

மருந்து இருக்கிறதென்று நாம் அசட்டையாய் இருத்தல் தகாது. நோயாளி வைத்தியசாலையை அடையுமுன்பே மூச்சு நின்றுவிடலாம். இலங்கை 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடொபொஸ் என்னும் கொடிய நாசினிகளைத் தடைசெய்தது. அவ்வாண்டுக்குப் பின் நஞ்சினால் மாண்டோர் தொகை வெகுவாகக் குறைந்தது. மருந்து காத்த உயிர்களோடு தடை காத்த உயிர்களையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். நாசினிப் போத்தலைப் பூட்டி வையுங்கள். குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தெளித்தபின் உடுப்பை மாற்றிக் குளியுங்கள். முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்றெண்ணி ஊமத்தையைக் கசக்கிக் கொடுக்கவும் வேண்டாம். வைத்தியர் அளந்து ஏற்றுவது மருந்து. நாம் அளவறியாது கொடுப்பது இரண்டாவது நஞ்சு.