துப்பாக்கிக்குக் கடனா?

2008-ம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில், காற்றுத் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வென்றார், அபினவ் பிந்த்ரா. அந்த ஆசை இன்று பல வீடுகளில் புகுந்திருக்கிறது.

குறி இருப்பது 10 மீட்டர் தூரத்தில். நடுப்புள்ளி அரை மில்லி மீட்டர். கடுகைவிடச் சிறியது!

சில ஆயிரம் ரூபாய்க்கும் துப்பாக்கி உண்டு. ஜெர்மன் துப்பாக்கி என்றால் லட்சக்கணக்கில் விலை. அதில் விசையை லேசாகத் தொட்டாலே குண்டு பாயும். கன்னம் பதிக்கும் கட்டையை ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்தலாம். வளரும் பிள்ளைக்கு இது அவசியம். பொருந்தாத கட்டையில் கழுத்தை வளைத்துச் சுடப் பழகினால், பிறகு திருத்துவது பெரும்பாடு.

அதற்காக எடுத்த எடுப்பிலேயே கடன் வாங்குவதா? கூடாது. முதலில் பயிற்சி நிலையத்துத் துப்பாக்கியே போதும். குண்டுச் செலவே மாதாமாதம் கையைக் கடிக்கும்.

பழைய ஜெர்மன் துப்பாக்கி கிடைத்தால் வாங்கலாம். காற்றுச் சிலிண்டரின் தேதியை மட்டும் பாருங்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதி இல்லை.