முற்றத்துக்கு டிக் பாக்ஸ் இல்லை

இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுவது, சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகச் சுமார் 150 கி.மீ.தான். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் பெரிதாக இருக்காது. பட்ஜெட்டைப் பதம் பார்ப்பது ரூம் வாடகை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த ஊருக்குப் போவதே அதன் பழைய வீடுகளையும் வீதிகளையும் பார்ப்பதற்காகத்தான். ஆனால் பலர் தங்குவதோ வெள்ளை டைல்ஸ் போட்ட, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரிகிற ரூமில். அதே ரூம் ஓசூரிலும் இருக்கிறது, திருப்பூரிலும் இருக்கிறது.

ஏன் இப்படி? நமக்கு ரசனை போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரூம் புக்கிங் தளத்தின் இடது பக்கம் ஒரு ஃபில்டர் பட்டை இருக்கிறதே, குற்றவாளி அதுதான் என்பது என் கட்சி.

ஒவ்வொரு விடுதியும் அந்தத் தளத்தின் டேட்டாபேஸில் ஒரு ரெக்கார்டு. ஏ.சி. உண்டா, வைஃபை உண்டா, லிஃப்ட் உண்டா, பார்க்கிங் உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீல்டு. ஆம் அல்லது இல்லை என்று நிரப்பினால் போதும். இப்படி நிரப்ப முடிந்தவற்றை மட்டுமே நீங்கள் தேட முடியும். இப்போது புதுச்சேரியின் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதி பக்கம். வெளியே மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம், உள்ளே தள்ளித் திண்ணை, அதைத் தாண்டினால் தூண் வைத்த முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை. மத்தியானம் இரண்டு மணிக்கும் கூடத்தில் ஃபேன் போட்டால் போதும் என்கிற அளவுக்குக் குளுமை. இதில் எதற்கு டிக் பாக்ஸ் இருக்கிறது? ஒன்றுக்கும் இல்லை. மாறாக லிஃப்ட் இல்லை, நீச்சல் குளம் இல்லை, பார்க்கிங் இல்லை. மூன்று இடத்தில் 'இல்லை' விழுந்தால் வீடு நாலாம் பக்கத்துக்குப் போய்விடும். நாலாம் பக்கம் வரை மவுஸை உருட்டுபவர் யார்?

'ஹெரிடேஜ்' என்று டிக் செய்தால் வராதா என்று கேட்பீர்கள். வரும். கூடவே எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் ஹோட்டல்களும் வரும். ஏனென்றால் மார்க்கெட்டிங் ஆள் வைத்திருப்பவர்தான் அந்தச் சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்வார். நாலு ரூம் வைத்து நடத்தும் குடும்பம் தன் வீட்டை 'வீடு' என்றுதான் சொல்லும்.

அடுத்தது வரிசை. தேடியவுடன் முதலில் வரும் பட்டியல் 'பரிந்துரைக்கப்பட்டவை' என்ற தலைப்பில் இருக்கும். யார் பரிந்துரைத்தார்கள்? விடுதி தரும் கமிஷன் இந்த வரிசையைப் பாதிக்கலாம். 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்திடம் புக்கிங்.காம், எக்ஸ்பீடியா, அகோடா உள்ளிட்ட ஆறு தளங்கள் தங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. கமிஷனால் வரிசை மாறுகிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்வது அதில் ஒன்று. இந்தியாவிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்து உத்தரவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்டவற்றில் முக்கியமானது, வேறு தளத்திலோ சொந்த வெப்சைட்டிலோ குறைந்த வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டிப்போடும் ஒப்பந்த விதி. அதை நீக்கும்படி ஆணையம் சொன்னது. பயணிகளான நமக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. ஆனால் புக்கிங் செய்யும்போது இதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

'இந்த விலையில் இன்னும் 1 ரூம்தான்!' என்று சிவப்பில் மின்னுமே, அதையும் பார்த்துவிடுவோம். இது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பெரிய ஹோட்டல்களில் 'சேனல் மேனேஜர்' என்ற சாப்ட்வேர் ஓடும். ஒரு தளத்தில் ரூம் போனால் மற்ற எல்லாத் தளங்களிலும் அது தானாகக் குறையும். சின்ன வீட்டுக்காரரிடம் அது இருக்காது. அவருடைய சேனல் மேனேஜர் ஒரு நோட்டுப் புத்தகம். ஒரே ரூம் இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாதே என்று நாலு ரூமில் ஒன்றை மட்டும் தளத்துக்குக் கொடுப்பார். மீதி மூன்றும் போனுக்கு. ஆகவே அங்கே '1 ரூம்' என்றால் அந்தத் தளத்துக்கு 1 ரூம். 'சோல்டு அவுட்' என்று போட்டிருந்தாலும் வீட்டில் மூன்று ரூம் காலியாக இருக்கலாம். நான் இதுவரை தங்கியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வீடு, திரையில் 'காலி இல்லை' என்று காட்டியதுதான். போன் செய்தேன், கிடைத்தது.

இப்படி இல்லாத அவசரத்தைக் காட்டி ஆளை விரட்டுவதும், கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும், கேட்காமலே இன்ஷூரன்ஸ் டிக் செய்து வைப்பதும் இந்தியாவில் 2023 நவம்பர் 30 முதல் தடை செய்யப்பட்டவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் மொத்தம் 13 தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. பணம் கட்டும் முன் கடைசித் திரையை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ரூம் தளத்தில் 2,500 ரூபாய் என்று வையுங்கள். 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆக 125 சேர்த்து 2,625. அதற்கு மேல் தளத்தின் சேவைக் கட்டணம் வேறு. இதில் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் கைக்குப் போவது 2,000. நீங்கள் நேராகப் போன் செய்து 2,200-க்குப் பேசி முடித்தால்? உங்களுக்கு 400 ரூபாய்க்கு மேல் மிச்சம், அவருக்கு 200 ரூபாய் அதிகம். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. அவர் நேரடியாகக் கொடுத்தால் வரி கிடையாது. அதே வீடு தளம் வழியாகப் போனால் தளமே அந்த வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். யாரையும் ஏமாற்றாமல் இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிற இடம் இது.

எப்படித் தேடுவது? என் வழியைச் சொல்கிறேன். முதலில், செல்போன் ஆப்பை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறங்கள். ஹோட்டலைத் தேடாதீர்கள், வீதியைத் தேடுங்கள். புதுச்சேரியில் ஒரே வீதிக்கு இரண்டு பெயர் இருக்கும். வைசியாள் வீதியே கால்வே சுப்பராய செட்டி வீதி என்றும் வழங்குகிறது. கடற்கரைப் பக்கத்து வீதிகளுக்கு 'ரூ' என்று தொடங்கும் பிரெஞ்சுப் பெயர்கள். எல்லாப் பெயரையும் போட்டுப் பாருங்கள். வீதியைக் கண்டுபிடித்ததும் நன்றாக ஜூம் செய்யுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாத சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ் பெயர்கள் அப்போதுதான் முளைக்கும். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றினால் கூரை நடுவே சதுரமாக ஓட்டை தெரியும் வீடுகளும் அகப்படும். அதுதான் முற்றம்! டிக் பாக்ஸ் தராததைச் சாட்டிலைட் தருகிறது.

பிறகு விமர்சனங்கள். ஐந்து ஸ்டாரும் ஒரு ஸ்டாரும் வேண்டாம், மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படியுங்கள். அவர்கள்தான் கோபமும் இல்லாமல் குளிர்ந்தும் போகாமல் எழுதுபவர்கள். 'கட்டில் பழசு, டி.வி. சின்னது, வீட்டுக்காரம்மா காலையில் காபி கொடுத்தார்' என்று ஒருவர் புகாராக எழுதியிருந்தால் எனக்கு அது சிபாரிசு. 'தண்ணீர் வரவில்லை' என்றால் அடுத்த வீடு. போட்டோவில் கட்டிலின் ஓரம் இழுத்தாற்போல் நீண்டு தெரிந்தால் வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தது. ரூம் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைவேட் விண்டோவில் தேடினால் விலை குறையும் என்று நண்பர்கள் சத்தியம் செய்வார்கள். நம்ப வேண்டாம். பல தளங்களில் லாகின் செய்தவருக்கும் செல்போனில் பார்ப்பவருக்கும்தான் தள்ளுபடி காட்டுகிறார்கள்.

நேரடியாகப் பேசுவதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. போலி ஹோட்டல் பக்கங்களும் போலி போன் நம்பர்களும் பெருகிவிட்டன. மேப்ஸில் கிடைத்த நம்பர், அந்த விடுதியின் சொந்த வெப்சைட்டிலோ ஃபேஸ்புக் பக்கத்திலோ இருக்கும் நம்பருடன் பொருந்துகிறதா என்று பாருங்கள். போட்டோக்களைக் கூகுள் லென்ஸில் போட்டு, வேறு ஊர் விடுதியிலிருந்து சுட்டவையா என்றும் சோதியுங்கள். வாட்ஸ்அப் வீடியோ காலில் வாசலையும் ரூமையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார். ஒரு நாள் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். 'ரீஃபண்டு வர க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள், பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். தனியாகப் போகும் பெண்கள் முதல் தடவை தளம் வழியாகவே புக் செய்து, பிடித்திருந்தால் அடுத்த தடவைக்கு வீட்டுக்காரரின் நம்பரை வாங்கி வருவது நல்லது. அங்கே 500 ரூபாய் கூடுதலாகப் போனால் போகட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய வீடுகளெல்லாம் டூரிஸ்ட் ரூம்களாகிவிட்டால் அங்கே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்? பார்சிலோனா நகரம் சுமார் பத்தாயிரம் சுற்றுலா ஃபிளாட்டுகளின் லைசென்ஸை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்க மாட்டோம் என்று 2024-ல் அறிவித்ததற்குக் காரணம் இதுதான். அதனால்தான் நான் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கும் இடமாகத் தேடுகிறேன். யாரோ முதலாளி பத்து வீடுகளை லீசுக்கு எடுத்து, சாவியை நம்பர் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகும் இடத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. காலை டிபனுக்கு எந்தக் கடை என்று அந்தப் பூட்டுப் பெட்டியைக் கேட்க முடியாது.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கெஸ்ட் ஹவுஸ்களையும் மறக்க வேண்டாம். கடலை ஒட்டிய பார்க் கெஸ்ட் ஹவுஸின் இடத்துக்கு அந்த வாடகை மலிவு. ஆனால் புகை, மது கூடாது, இரவில் குறித்த நேரத்துக்குப் பிறகு கேட் பூட்டிவிடுவார்கள். ஒத்துவருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அரவிந்தர் பிறந்த நாளான ஆகஸ்ட் 15, அன்னை பிறந்த நாளான பிப்ரவரி 21 ஆகிய தேதிகளை ஒட்டிக் கேட்காதீர்கள், பக்தர்கள் வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுவார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் ஊர் முழுவதுமே அப்படித்தான். செவ்வாய், புதன்கிழமைகளில் லீவு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை பேச மறுக்கும் அதே வீட்டுக்காரர் அன்றைக்கு வாடகையை அவராகவே குறைத்துச் சொல்வார்.